கீட்டோஸிஸ் என்னுஞ் சொல்லும் அதன் மருத்துவ வழக்கும்

தோற்றுவாய்

மருத்துவ நூல்களிலிருந்து பொதுமக்கள் நாவிற்கு வந்து சேருஞ் சொற்களுட் பல, வரும் வழியிலே தம் பொருளிற் சிறிது இழந்தும் சிறிது மிகையாகப் பெற்றும் வருகின்றன. அவற்றுள் ஒன்று கீட்டோஸிஸ் என்பது. உடல் மெலிய விரும்பி அரிசியையும் கோதுமையையும் விலக்கியுண்போர், தாம் கீட்டோஸிஸ் நிலையை எய்திவிட்டதாக மகிழ்ந்து கூறக் கேட்கின்றோம். நீரிழிவுடைய மகனைப் பெற்ற தாயோ, ஏறக்குறைய அதே சொல்லை மருத்துவமனையிற் கேட்டு நடுங்குகின்றாள். ஒருவர்க்கு உவகையும் மற்றொருவர்க்கு அச்சமும் விளைக்கும் இச்சொல் குறிப்பது நலமோ, நோயோ? இவ்வினாவிற்கு விடை காண்டலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விடையைச் சுருக்கமாக முன்னரே கூறிவிடுவோம். கீட்டோஸிஸ் என்பது உடலின் ஒரு நிலையைக் குறிக்கும் பெயர். அந்நிலையைத் தன்னளவில் நோயென்றும் சொல்லுதற்கில்லை, நலமென்றும் சொல்லுதற்கில்லை. இன்சுலின் என்னுஞ் சுரப்பின் ஆணை உடலில் நடைபெறும் வரையில் அஃது உடலுக்கு ஒரு சேமநிதி. அவ்வாணை அற்றவிடத்து அதுவே வளர்ந்து உயிருக்கு உலை வைப்பதாகும். இவ்விரண்டையும் ஒன்றென மயங்கியதனால் உயிரிழந்தோர் உளராதலின், இது வெறுஞ் சொல்லாராய்ச்சியாக முடிவதன்று.

சொல்லின் பிறப்பு

இலத்தீன் மொழியிற் காடிக்கு அசிட்டம் என்பது பெயர். அதனடியாக அசிட்டோன் என்னும் பெயர் ஒரு திரவத்திற்கு வழங்கலாயிற்று. நகத்திற் பூசிய சாயத்தை அழிப்பதற்குப் பெண்டிர் பயன்படுத்தும் மணமுள்ள திரவத்தின் முதற் சரக்கு பெரும்பாலும் இதுவே. ஜெர்மானியர் இதனை அக்கெட்டோன் என்று வழங்கினர். 1848-ஆம் ஆண்டில் லியோபோல்டு கிமெலின் என்னும் ஜெர்மானிய இரசாயன அறிஞர், இத்தன்மையுடைய பொருள்களனைத்திற்கும் பொதுப்பெயர் ஒன்று வேண்டி, அச்சொல்லின் தலையெழுத்தைக் களைந்து 'கீட்டோன்' என வகுத்தார். ஆகவே, கீட்டோன் என்பது காடியின் வழிவந்த சொல்லே என்பதறிக.

இனி, இறுதியில் நிற்கும் 'ஓஸிஸ்' என்பது கிரேக்க விகுதி. ஒரு நிலை அல்லது நிகழ்ச்சி என்பதே அதன் பொருள். மருத்துவ நூலார் டியூபர்குலோஸிஸ், சிர்ரோஸிஸ் முதலாக நோய்ப்பெயர் பலவற்றை இவ்விகுதியால் முடித்தமையின், இதனைக் கேட்டவுடனே 'ஏதோ ஒரு நோய்' என்று கருதும் வழக்கம் படிந்துவிட்டது. ஆயினும், நம் மாணவர் விஞ்ஞான வகுப்பிற் பயிலும் ஆஸ்மோஸிஸ், மைட்டோஸிஸ் என்பனவும் இவ்விகுதி பெற்றனவே. அவை நோயல்ல, இயற்கையின் தொழில்கள். எனவே, கீட்டோஸிஸ் என்பதற்கு நேரிய பொருள், 'இரத்தத்திற் கீட்டோன் பொருள்கள் வழக்கத்தினும் மிகுந்துள்ள நிலை' என்பதே. அந்நிலை எதனால் உண்டாயிற்று, நன்றோ தீதோ என்பதை இச்சொல் தானாக உரைப்பதில்லை.

கீட்டோன் பொருள்கள் எனப்படுவன மூன்று. அசிட்டோ அசிடிக் அமிலம் ஒன்று, பீட்டா ஹைட்ராக்ஸி பியூட்டிரிக் அமிலம் மற்றொன்று, அசிட்டோன் மூன்றாவது. இவற்றுள் நடுவே கூறிய பொருள், இரசாயன இலக்கணப்படி கீட்டோனே அன்று. ஆயினும் இரத்தத்தில் மிக்கிருப்பது அதுவே. முதலாவது பொருளும் அதுவும் ஒன்று மற்றொன்றாக மாறும் இயல்பின. அசிட்டோனோ, முதலாவது பொருள் தானே சிதைதலால் உண்டாகி, மூச்சின் வழியாக வெளிப்படும். நெடிது பட்டினி கிடப்போர் வாயிற் பழுத்த கனியின் மணம் போன்றதொரு மணம் தோன்றுதற்குக் காரணம் இவ்வசிட்டோனே.

உடலினகத்தே நிகழும் தொழில்

நாம் உண்ணும் மாவுச்சத்து குளுக்கோஸ் என்னுஞ் சர்க்கரையாக மாறி இரத்தத்திற் கலக்கின்றது. உடனே செலவாகாத குளுக்கோஸிற் சிறிது, கிளைக்கோஜன் என்னும் உருவத்திற் கல்லீரலிலும் தசைகளிலும் சேமிக்கப்படும். கல்லீரலிற் சேமிக்கத்தக்க அளவு ஏறக்குறைய 100 கிராமே. மூளையோ, உடல் நிறையில் ஐம்பதில் ஒரு பங்கேயாயினும், ஓய்ந்திருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கைத் தானே கொள்வது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 120 கிராம் குளுக்கோஸ் அதற்கு வேண்டும். இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்து நோக்கின், ஒரு நாள் முழுதும் உணவின்றி இருந்த அளவிலே ஈரலின் களஞ்சியம் வெறுமையாகும் என்பது விளங்கும்.

கொழுப்போ உடலிற் பல கிலோ உண்டு. ஆயின், கொழுப்பு உருகி வரும் கொழுப்பமிலங்களை மூளை போதிய அளவில் எரித்துக்கொள்ளமாட்டாது. இவ்விடர்ப்பாட்டைத் தீர்ப்பது கல்லீரல். அது கொழுப்பமிலங்களை ஏற்று, அவற்றைச் சிறு துண்டுகளாக்கி, அத்துண்டுகளை இணைத்துக் கீட்டோன் பொருள்களாகச் சமைத்து இரத்தத்தில் விடுகின்றது. நீரில் எளிதிற் கரைவனவாகிய இப்பொருள்களை இருதயமும் தசைகளும் மூளையும் எரிபொருளாகக் கொள்ளும். இங்கே வியக்கத்தக்கது ஒன்றுண்டு. கீட்டோனைச் சமைக்கும் கல்லீரலுக்கு அதனை எரித்துக்கொள்ளுதற்குரிய நொதி இல்லை. தான் உண்ணாது பிறர்க்கே சமைக்கும் மடைத்தொழிலாளன் போல்வது அது.

இத்தொழிலை நடத்தும் கடிவாளம் இன்சுலின். உணவு உண்டபொழுது கணையத்திலிருந்து இன்சுலின் மிகுதியாகச் சுரந்து, கொழுப்பு உருகுதலைத் தடுக்கும். உணவில்லாதபொழுது அதன் அளவு குறையும், கொழுப்பு உருகும், கீட்டோன் பெருகும். ஆயினும் நலமுள்ள உடலில் இன்சுலின் முற்றும் அற்றுப்போவதில்லை. எஞ்சிநிற்கும் அச்சிறு அளவே கொழுப்பு உருகுதலை வரம்பு கடவாமற் காக்கின்றது. கீட்டோனும் மிகுந்தால், கணையத்தைச் சிறிது தூண்டி இன்சுலினைச் சுரப்பித்துத் தன் பெருக்கைத் தானே அடக்கிக்கொள்கின்றது. இவ்வடக்கத்தை நன்கு நினைவில் இருத்துக. பின்னர் வருவனவெல்லாம் இதனையே பற்றி நிற்பன.

நோயின் அடையாளமாகக் கண்டமை

மருத்துவ உலகம் கீட்டோனை முதன்முதல் அறிந்தது நலமுள்ளோர் உடலிலன்று, நீரிழிவு நோயாளரிடத்தே. 1857-இல் பிராகு நகரத்து வில்ஹெல்ம் பெட்டர்ஸ் என்பார் நீரிழிவு நோயாளர் ஒருவரின் சிறுநீரில் அசிட்டோனைக் கண்டறிந்தார். 1874-இல் அடால்பு குஸ்மால் என்னும் ஜெர்மானிய வைத்தியர், நீரிழிவால் மயங்கி இறக்குந்தறுவாயிலிருப்போர் ஆழமாகவும் இடைவிடாதும் மூச்சு வாங்குதலை விரித்தெழுதினார். இன்றும் அம்மூச்சிற்கு அவர் பெயரே வழங்குகின்றது. 1884-இல் ஆஸ்கார் மின்கோவ்ஸ்கி, அத்தகையோர் சிறுநீரிற் பீட்டா ஹைட்ராக்ஸி பியூட்டிரிக் அமிலம் உண்டென்று காட்டினார். ஐந்தாண்டு கழித்து அவரும் மெரிங் என்பாரும், கணையத்தை நீக்கிய நாய்க்கு நீரிழிவு உண்டாதலைக் கண்டு வெளியிட்டனர். இரத்தம் அமிலத்தன்மையுறுதலை 'அஸிடோஸிஸ்' என்று பெயரிட்டு வழக்கிற் கொண்டுவந்தவர் மின்கோவ்ஸ்கியின் ஆசிரியராகிய நௌனின் என்னும் பேராசிரியர்.

இவ்வாறு, கீட்டோன் என்றாலே நீரிழிவு, நீரிழிவு முற்றின் சாக்காடு என்னும் தொடர்பு அக்காலத்து வைத்தியர் உள்ளத்தில் வேரூன்றியது. அவர்கள் அஞ்சியதிற் குற்றமில்லை. இன்சுலின் கண்டறியப்படுமுன், இளமையில் நீரிழிவுற்ற பிள்ளைகளுக்கு வாழ்நாள் சிலவே. உணவை மிகக் குறைத்துப் பட்டினியாற் சில திங்கள் அல்லது சில ஆண்டு உயிரை நீட்டித்தலன்றி வேறு வழி இருந்ததில்லை.

1922-ஆம் ஆண்டு சனவரித் திங்களிற் கனடா நாட்டுத் தொரோந்தோ நகரத்து மருத்துவமனையில் இருந்த இலெனார்டு தாம்சன் என்னும் சிறுவன் அந்நிலையினன். அவன் நிறை 65 பவுண்டே. பாண்டிங்கும் பெஸ்டும் முந்திய ஆண்டிற் கணையத்திலிருந்து வடித்த சாற்றை, அத்திங்கள் 11-ஆம் நாள் அவனுக்கு ஊசியாற் செலுத்தினர். சர்க்கரை சிறிது குறைந்தது, கீட்டோனோ குறையவில்லை. கொலிப் என்னும் இரசாயன அறிஞர் அச்சாற்றைத் தூய்மை செய்து தர, 23-ஆம் நாள் மீண்டும் செலுத்தினர். இரத்தச் சர்க்கரை ஒரு நாளளவில் 520 மில்லிகிராமிலிருந்து 120 மில்லிகிராமாக இறங்கியது. சிறுநீரிலிருந்த கீட்டோன் முற்றும் மறைந்தது. அச்சிறுவன் 1935 வரை உயிர்வாழ்ந்தான். சர்க்கரை இறங்கியதினும் கீட்டோன் மறைந்ததே, கடிவாளம் மீண்டும் கைக்கு வந்தமைக்குச் சிறந்த சான்றென்பது நம் கருத்து.

உண்ணாநோன்பும் மூளையும்

கீட்டோனின் மற்றொரு முகம் தெளிவாக விளங்குதற்குப் பல ஆண்டு சென்றன. 1967-இல் பாஸ்டன் நகரத்தில் ஓவன், கேஹில் முதலிய அறிஞர், மிக்க பருமனுடையார் மூவர் ஐந்து அல்லது ஆறு வாரம் மருத்துவர் காவலில் உண்ணாதிருந்தபொழுது, அவர்தம் மூளைக்குட் செல்லும் இரத்தத்தையும் அங்கிருந்து மீளும் இரத்தத்தையும் அளந்து ஒப்பிட்டனர். மூளை தன் எரிபொருளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைக் கீட்டோன் பொருள்களிலிருந்தே பெற்றது என்பது வெளியாயிற்று. மூளை குளுக்கோஸையன்றி வேறொன்றையும் எரியாது என்று அதுகாறும் நூல்கள் உரைத்துவந்தன. அவ்வுரை அன்றோடு ஒழிந்தது.

இதன் பயன் யாதெனின் கூறுவாம். கீட்டோன் இல்லையாயின், பட்டினியுற்ற உடல் மூளைக்கு வேண்டும் குளுக்கோஸ் முழுதையும் தசைப் புரதத்தைக் கரைத்தே ஆக்கவேண்டும். அங்ஙனமாயின், சில வாரங்களுள் மூச்சுவிடும் தசையுந் தளர்ந்து மனிதன் மாய்வான். மூளை கீட்டோனை ஏற்பதனாலே தசை காக்கப்படுகின்றது. நீர் மாத்திரம் அருந்தி மனிதன் ஏறத்தாழ இரு திங்கள் உயிர்தாங்கவுங் கூடுகின்றது. பஞ்சம் பல கண்ட மனித குலம் அழியாது நிலைத்தமைக்கு இவ்வேற்பாடும் ஒரு காரணம் எனலாம். தவக்காலத்திலும் ஏகாதசியிலும் ரமலான் திங்களிலும் நோன்பிருப்போர் உடலில், நோன்பின் நீளத்திற்கேற்பச் சிறிதளவில் நிகழ்வதும் இதுவே. இதனை நோயென்பது பொருந்தாது.

வலிப்பு நோய்க்கு மருந்தாதல்

உணவின்றி இருந்தால் வலிப்பு தணிதலை மக்கள் பண்டுதொட்டு அறிந்திருந்தனர். ஆயின், எவரும் என்றும் உண்ணாதிருத்தல் இயலாது. அமெரிக்க நாட்டு மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ரசல் வைல்டர் என்பார் 1921-இல் ஒரு வழி கூறினார். மாவுச்சத்தைப் பெரும்பாலும் விலக்கிக் கொழுப்பை மிகுத்து ஊட்டினால், பட்டினி கிடவாமலே பட்டினியின் பயனைப் பெறலாம் என்பது அவர் கருத்து. அவ்வுணவிற்குக் கீட்டோஜெனிக் உணவு, அஃதாவது கீட்டோனைப் பிறப்பிக்கும் உணவு என்று பெயரிட்டார்.

இவ்வுணவின் பண்டை அளவு நான்குக்கு ஒன்று. கொழுப்பு 4 கிராம் எனின், புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்து 1 கிராம். ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரியும், மற்றவை கிராமுக்கு 4 கலோரியும் தருவனவாகக் கணக்கிட்டால், 40 கலோரியில் 36 கொழுப்பினின்று வரும். அஃதாவது நூற்றுக்குத் தொண்ணூறு. இதனைக் குழந்தைக்கு ஊட்டும் தாயின் பாடு எத்தகையதென்பதை நாமே உய்த்துணரலாம். 1938-இல் பெனிட்டாயின் என்னும் மருந்தின் குணம் வெளியான பின்னர், விழுங்கற்கெளிய மாத்திரை இருக்க இவ்வருந்தொல்லை எதற்கென்று பலரும் இதனைக் கைவிட்டனர். ஆயினும் மருந்துகளுக்கு அடங்காத வலிப்பும் உண்டு. ஆகவே 1990-களில் இம்முறை மீண்டும் தலையெடுத்தது. இலண்டனில் 145 குழந்தைகளை இரு கூறாக்கி நடத்திய ஆராய்ச்சி 2008-இல் வெளியாயிற்று. இவ்வுணவு பெற்ற கூற்றில் நூற்றுக்கு 38 பேர்க்கு வலிப்பு பாதிக்குமேற் குறைந்தது. பெறாத கூற்றில் நூற்றுக்கு 6 பேர்க்கே அங்ஙனம் குறைந்தது.

குளுக்கோஸை மூளைக்குட் கொண்டுசெல்லும் வாயிலே பிறவியிற் பழுதுபட்ட குழந்தைகள் சிலர் உளர். அவர்க்கு இவ்வுணவே முதன்மையான சிகிச்சை. குளுக்கோஸ் புகாத மூளைக்குக் கீட்டோன் வேறொரு வாயிலாற் புகுந்து உணவாகின்றது. இதற்கு மாறாக, கொழுப்பமிலத்தை எரிக்கும் ஆற்றல் பிறவியிலேயே இல்லாதாரும் உளர். அவர்க்கு இது நஞ்சாகும். ஆதலின், மருத்துவர் ஆராய்ந்து, அளந்து, காத்துக் கொடுக்கவேண்டியதன்றி, அயலார் சொற்கேட்டு மேற்கொள்ளத்தக்கதன்று இவ்வுணவு என்பது கருதத்தக்கது.

கீட்டோஸிஸும் கீட்டோ அஸிடோஸிஸும்

இனி, மயக்கத்திற்கு இடமாகிய இருசொற்களையும் எதிரெதிர் நிறுத்தி நோக்குவோம். இரத்தத்திற் கீட்டோன் அளவை லீட்டருக்கு இத்துணை மில்லிமோல் என்று குறிப்பர். நன்கு உண்பவர்க்கு அது பெரும்பாலும் 0.5-க்கு உட்பட்டது. மாவுச்சத்தைக் குறைத்துண்பவர்க்கு 0.5 முதல் 3 வரை ஏறும். பல வாரம் உண்ணாதிருப்பவர்க்கு 6 அல்லது 7-ஐ எட்டுதலும் உண்டு. இவையெல்லாம் கீட்டோஸிஸ் எனப்படும். இரத்தத்தின் அமிலகார அளவு இவற்றாற் பெரிதும் குலைவதில்லை.

கீட்டோ அஸிடோஸிஸ் என்பதோ, கீட்டோன்களின் அமிலத்தை இரத்தம் தாங்கமாட்டாது நிலைகுலைந்தமை. நலமுள்ளோர் இரத்தத்தின் பி.எச். 7.35-க்கும் 7.45-க்கும் இடைப்பட்டது. நீரிழிவில் அது 7.3-க்குக் கீழாயினும், பைகார்பனேட் 18-க்குக் கீழாயினும், அவற்றோடு கீட்டோன் 3-ஐ எட்டியோ கடந்தோ நிற்பின் கீட்டோ அஸிடோஸிஸ் எனத் துணிவர். முற்றிய நிலையிற் கீட்டோன் 10-ஐயும் 15-ஐயும் கடத்தல் உண்டு.

'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்னும் பழமொழி இங்கே பாதி உண்மையே உரைக்கின்றது. மிஞ்சியது ஏன் என்பதே கேட்கத்தக்க வினா. இன்சுலின் இல்லாத உடலில், இரத்தத்திற் சர்க்கரை வெள்ளமாய் நிறைந்திருந்தும், அது உயிரணுக்களுள் நன்கு புகமாட்டாது. ஆகவே உடல், தான் பட்டினி கிடப்பதாகவே கொண்டு கொழுப்பை வரம்பின்றி உருக்கும். ஈரல் ஓயாது கீட்டோனைச் சமைக்கும். மிக்க சர்க்கரை சிறுநீரோடு செல்லுங்கால் உடலின் நீரையும் பொட்டாசியம் முதலிய உப்புக்களையும் உடன்கொண்டு செல்லும். அதனாலே தீராத் தாகம், அடிக்கடி சிறுநீர் கழிதல், வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த மூச்சு, கனிமணம், இறுதியில் உணர்வின்மை என்பன நிரலே தோன்றும். நரம்பின் வழியாக உப்புநீர், இன்சுலின், பொட்டாசியம் ஆகியவற்றை அளந்து செலுத்துதலே சிகிச்சை. காலத்தே கிடைப்பின் பெரும்பாலோர் பிழைப்பர்.

நீரிழிவன்றியும் இந்நிலை உண்டாதல் கூடும். மிகக் குடித்து, பின் உணவின்றி வாந்தியெடுத்துக் கிடப்போர்க்கு வரும் கீட்டோ அஸிடோஸிஸ் ஒன்று. சிறுநீரின் வழியே சர்க்கரையைக் கழிக்கும் நீரிழிவு மருந்துகளான டாபாகிளிப்ளோசின், எம்பாகிளிப்ளோசின் முதலியன உண்போர்க்கு அரிதாக நேர்வது மற்றொன்று. இப்பின்னதில் இரத்தச் சர்க்கரை மிக உயராமலே கீட்டோ அஸிடோஸிஸ் உண்டாகும். சர்க்கரை அளவைக் கண்டு 'அபாயமில்லை' என்று ஏமாறுதற்கு இடமுண்மையின், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினர் 2015-இல் இதனைக் குறித்து எச்சரிக்கை விடுத்தனர். அம்மருந்து உண்போர் கடும்பட்டினியையும் மாவுச்சத்தற்ற உணவையும் தாமாக மேற்கொள்ளலாகாது. அறுவைச் சிகிச்சைக்குச் சில நாள் முன்னரே அதனை நிறுத்துதல் பற்றி மருத்துவரைக் கேட்டறிதல் வேண்டும்.

சோதனையின் மயக்கம்

சிறுநீரில் தோய்த்து நிறமாற்றம் காணும் காகிதப் பட்டைகள் நெடுங்காலமாக வழங்கிவருகின்றன. இவை அசிட்டோ அசிடிக் அமிலத்தையே காட்டுவன. பீட்டா ஹைட்ராக்ஸி பியூட்டிரிக் அமிலத்தைக் காட்டமாட்டா. நோய் முற்றுங்கால் மிகுவதோ பின்னதே. ஆகவே அபாயம் பெரிதாயிருக்கப் பட்டையின் நிறம் சிறிதாகத் தோன்றலாம். சிகிச்சையால் நோய் தணியுங்கால், பின்னது முன்னதாக மாறுதலின், பட்டை முன்னினும் கருஞ்சிவப்பாகி நோய் பெருகியதுபோற் காட்டவுங் கூடும். இக்குறையை நீக்குதற்கே, விரல்நுனிக் குருதியிற் பீட்டா ஹைட்ராக்ஸி பியூட்டிரிக் அமிலத்தை நேரே அளக்கும் சிறு கருவிகள் இன்று வந்துள்ளன.

கால்நடை வைத்தியர் வழக்கு

மனித மருத்துவத்தில் ஒரு நிலையைக் குறிக்கும் இச்சொல், கால்நடை மருத்துவத்தில் ஒரு நோய்க்கே பெயராய் நிற்கின்றது. நிறையப் பால் கறக்கும் பசு, கன்றீன்ற சில வாரங்களுள் தீவனம் வெறுத்து, பால் வற்றி, மெலிந்து, மூச்சிற் கனிமணம் வீசுமாயின், அதற்குக் கீட்டோஸிஸ் கண்டுள்ளது என்பர். பாலிலுள்ள சர்க்கரையை ஆக்குதற்குக் குளுக்கோஸ் பெரிதும் செலவாதலின், பசு தன் கொழுப்பைக் கரைத்து ஈடுசெய்ய முயல்வதே காரணம். நரம்பிற் குளுக்கோஸ் செலுத்தியும், புரொப்பிலீன் கிளைக்கால் என்னும் மருந்தை வாய்வழி புகட்டியும் குணப்படுத்துவர். ஆகவே, இச்சொல்லை எங்கே கேட்பினும், சொன்னவர் யார், எவ்வுயிரைக் குறித்துச் சொன்னார் என்று வினவிப் பொருள்கொள்ளுதல் வேண்டும்.

நாம் கடைப்பிடிக்க வேண்டுவன

இவ்வாராய்ச்சியால் நம் கல்லூரி மாணவர் நினைவிற் கொள்ளத்தக்கன சில உண்டு. இன்சுலின் ஊசியையே நம்பி வாழும் இளைஞர் இக்காலத்து எவ்விடுதியிலும் இருத்தல் கூடும். அவர்க்குக் காய்ச்சலோ வாந்தியோ நேர்ந்து உணவு செல்லாதபொழுது, 'உணவே இல்லை, ஊசி எதற்கு?' என்று உடனிருப்போர் அன்பினாற் கூறுவது உண்டு. அவ்வன்பு உயிருக்கு இறுதி பயப்பது. நோயுற்ற உடலுக்கு இன்சுலின் தேவை பெரும்பாலும் மிகுமேயன்றிக் குறையாது. உணவு உண்ணாதபொழுதும் அடிப்படை இன்சுலினை நிறுத்தலாகாது. எவ்வளவு செலுத்துவது என்பதை மருத்துவரைக் கேட்டு அறிக. நீர் பருகச் செய்க. கீட்டோனை அளந்து பார்க்க. அளவு 1.5-ஐக் கடந்தால் தாமதமின்றி மருத்துவரை நாடுக. 3-ஐ எட்டினால், அல்லது அளக்கக் கருவியின்றி வாந்தியும் ஆழ்ந்த மூச்சும் கண்டால், இரவென்றும் பாராது மருத்துவமனைக்கு எடுத்துச் செல்க.

நீரிழிவு உண்டென்று அறியப்படாத இளைஞன் ஒருவன் சில வாரமாக ஓயாது நீர் பருகி, இரவிற் பன்முறை எழுந்து, உடல் மெலிந்து, பின் வாந்தியும் வயிற்றுவலியும் உற்றால், 'விடுதி உணவு ஒவ்வாமை' என்று இருந்துவிடுதல் தகாது. விரல்நுனியிற் குருதி எடுத்துச் சர்க்கரை அளத்தற்கு ஒரு நிமிடமே போதும். அந்நிமிடம் ஓருயிரைக் காக்கும். மெலிவு வேண்டிக் கொழுப்புணவை மேற்கொள்ளும் நீரிழிவாளரும், அதனைத் தம் மருத்துவர்க்கு அறிவித்த பின்னரே தொடங்குக.

முடிவுரை

கீட்டோஸிஸ் என்னும் ஒரு சொல் காடியினின்று பிறந்து, நீரிழிவாளர் படுக்கையருகே வளர்ந்து, வலிப்புற்ற குழந்தையின் தட்டிலும், நோன்பிருப்போர் மூச்சிலும், கறவைப் பசுவின் தொழுவத்திலும் இன்று வழங்குவதைக் கண்டோம். எல்லாவிடத்தும் கீட்டோன் ஒன்றே. உடலில் இன்சுலினின் ஆணை நடக்கின்றதா, அற்றதா என்பதே வேறுபாடு. அடுப்பில் அடங்கியெரியுந் தீ சோறு சமைக்கும். கூரையிற் பற்றிய தீ வீட்டை அழிக்கும். இரண்டையும் தீ என்றே வழங்குகின்றோம். ஆயினும் எத்தீ என்று அறியாமல் எவரும் வாளாவிருப்பதில்லை. அவ்விழிப்பே இச்சொல்லிடத்தும் நமக்கு வேண்டுவது. இனி எவரேனும் நம்மிடத்துக் கீட்டோஸிஸ் என்று கூறுவாராயின், மகிழ்வதற்கும் அஞ்சுவதற்கும் முன்னர், 'இன்சுலின் உண்டா?' என்று ஒருமுறை கேட்போமாக.